நாள் வாடகை வீடுகளும் தளங்களின் புதுக் கருவிகளும்: கன்னியாகுமரி மாவட்டத்தை முன்வைத்து

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டை நாள் வாடகைக்கு விடுவது லாட்ஜ் தொழிலின் ஓரத்தில் முளைத்த தொழில். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, குமரிமுனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சத்திரங்களிலும் மடங்களிலும் ஒருசில அரசு விடுதிகளிலுமே தங்கினார்கள். 1970-இல் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறந்தபிறகு வரத்து பெருகியது, லாட்ஜுகள் எழுந்தன. 2000 ஜனவரி 1-இல் 133 அடி வள்ளுவர் சிலையும், 2024 டிசம்பர் 30-இல் இரு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் கூட்டத்தை மேலும் கூட்டின. குடியிருப்பு வீடுகள் இத்தொழிலுக்குள் வந்தது கைப்பேசிச் செயலிகளின் காலத்தில்தான். ஆகவே இங்குள்ள வீட்டுக்காரர்களின் தொழில் வரலாறும் தளங்களின் மாற்ற வரலாறும் ஏறக்குறைய ஒன்றே.

வாடகைக்கு வரும் வீடுகள் ஒரே வகையின அல்ல. முனையை ஒட்டிய ஊர்களில் கீழே குடும்பம் இருக்க, மாடியில் இரண்டு அறை விடுகிறார்கள். நாகர்கோவிலிலும் மேற்கே மார்த்தாண்டம் வரையிலும் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் கட்டிய பெரிய வீடுகள் ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன. சாவி மைத்துனரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ இருக்கும். திற்பரப்பு, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் தனி வீடுகள். முட்டம், சொத்தவிளைக் கரையோரம் கடல் பார்த்த வீடுகள். முதல் வகையில் வீட்டுக்காரரே வரவேற்கிறார். இரண்டாவதில் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்க, வரவேற்பவருக்கு அந்தச் செயலியின் கடவுச்சொல்கூடத் தெரியாது. தளங்கள் ‘ஹோஸ்ட்’ என்று ஒரே ஆளைக் கற்பனை செய்கின்றன. இங்கே அந்த ஆள் பெரும்பாலும் இரண்டு பேர்.

தங்க வருவோரின் போக்கும் தனி. கோவாவுக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர் மூன்று நாள் தங்குவார். குமரிமுனைக்கு வருகிறவர் ஒரு மாலை, ஒரு காலை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறியவர் விடிகாலையில் வந்து இறங்கி உடனே அறை கேட்பார். அதனால்தான் இங்குள்ள லாட்ஜுகள் பலவற்றில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்ற கணக்கு நெடுங்காலம் நடந்தது. தளங்களோ பிற்பகலில் செக்-இன், மறுநாள் முற்பகலில் செக்-அவுட் என்ற உலகப் பொது நேரத்தோடு வந்தன. விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் பெட்டியோடு நிற்கும் குடும்பத்துக்கு அந்த நேரக்கணக்கு புரிவதில்லை. வீட்டுக்காரர் திறந்துவிட்டால் ஒரு இரவு வாடகை போகும், திறக்காவிட்டால் நட்சத்திரம் போகும்.

தளங்களுக்கு முன்பு ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் நின்ற ஏஜெண்டுகளும் ஆட்டோக்காரர்களும். அவர்களுக்குக் கமிஷன் உண்டு. அது அன்றன்றைக்குப் பேசித் தீர்வது. இணையத்தில் இதே வேலையைச் செய்ய வந்தவற்றுள் தமிழ்நாட்டோடு நெருங்கியது ஸ்டேஸில்லா. 2005-இல் சென்னையில் வேறு பெயரில் தொடங்கிய அது, ஹோம்ஸ்டேக்களை இந்தியா முழுக்கச் சேர்த்தது. 2017 பிப்ரவரியில் கடையை மூடியது. மேக்மைட்ரிப், கோஐபிபோ, அகோடா, புக்கிங்.காம், 2013-இல் தொடங்கிய ஓயோ, 2008-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஏர்பிஎன்பி ஆகியவையே இன்று இங்கு புழங்குபவை. முனையில் லாட்ஜுகளும் அறைகளும் முன்னவற்றின் வழியே அதிகம் போகின்றன. முழு வீடு, தோட்ட வீடு என்றால் ஏர்பிஎன்பி பேச்சில் வரும்.

இத்தளங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பெரிய மாற்றங்களை அறிவிக்கின்றன. அறிவிப்பில் எல்லாமே வசதி என்றுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு புதுக் கருவியும் ஒருவர் கையில் இருந்த ஏதோ ஒரு முடிவை இன்னொருவர் கைக்கு மாற்றுகிறது: விலை, யாரை உள்ளே விடுவது, எப்போது பணத்தைத் திருப்புவது. எந்த முடிவு கைமாறுகிறது, அதனால் வரும் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், வீட்டுக்காரர்கள் எதை வரவேற்கிறார்கள், எதை அணைத்து வைக்கிறார்கள், எதைச் சுற்றிவளைத்துப் போகிறார்கள் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். செயலி தெரியாத ஊர்க்காரர்கள் புதுமையை எதிர்க்கிறார்கள் என்ற விளக்கம் இம்மாவட்டத்துக்குப் பொருந்தாது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது.

பணத்திலிருந்து தொடங்கலாம். ஏர்பிஎன்பி நெடுங்காலம் வீட்டுக்காரரிடம் 3 சதவீதமும், தங்குபவரிடம் 14 சதவீதத்தை ஒட்டிய சேவைக் கட்டணமும் வாங்கிவந்தது. 2025 அக்டோபர் 27 முதல், மென்பொருள் வழியாகத் தளத்தோடு இணைந்த வீட்டுக்காரர்களுக்கு முழுக் கட்டணமான 15.5 சதவீதமும் அவர்கள் பக்கமே ஏற்றப்பட்டது. தளத்துக்கு மொத்தத்தில் போகும் தொகை பெரிதாக மாறவில்லை; யார் கணக்கில் தெரிகிறது என்பதுதான் மாறியது. விலையை உயர்த்திச் சரிக்கட்டலாம் என்பது தளத்தின் வாதம். உயர்த்தினால் பக்கத்து லாட்ஜ் அறையைவிட அதிகமாகத் தெரியுமே என்பது வீட்டுக்காரரின் பதில். 2025 ஏப்ரலில் சுத்தம் செய்யும் கட்டணத்தையும் சேர்த்த மொத்த விலையை உலகெங்கும் முதலிலேயே காட்டத் தொடங்கியது இதோடு சேர்ந்துகொண்டது. தங்குபவருக்கு அது நேர்மையான மாற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே இரவு தங்கும் ஊரில் சுத்தக் கட்டணம் முழுவதும் அந்த ஓர் இரவின் மேல் ஏறும். மூன்று இரவு தங்கும் ஊரில் அது மூன்றாகப் பிரியும். ஒரே விதி, இரு ஊர்களில் இரு விளைவு.

வரி விவகாரம் இன்னும் சிக்கல். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு எடுக்காதவரின் அறையைத் தளம் விற்றால், அந்த வரியைத் தளமே வசூலித்துக் கட்ட வேண்டும் என்பது 2017 முதலே சட்டம். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ளான அறைக்கு இருந்த விலக்கு 2022 ஜூலை 18-இல் நீங்கி 12 சதவீதம் வந்தது. 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. இதோடு, தளம் அனுப்பும் தொகையில் பிடிக்கும் வருமான வரி 2020 அக்டோபரில் தொடங்கி, 1 சதவீதமாக இருந்து, 2024 அக்டோபரில் 0.1 சதவீதமானது. ஆண்டு வரவு 5 லட்சத்துக்குள் உள்ள தனிநபர் பான் எண் கொடுத்திருந்தால் பிடித்தமே இல்லை. பல வீடுகளில் சிக்கல் இந்த இடத்தில்தான்: வீடு அம்மா பெயரில், வங்கிக் கணக்கு தம்பி பெயரில், பான் எண் வெளிநாட்டில் இருப்பவருடையது. தளத்தின் வரிப் படிவம் ஒரே பெயரைக் கேட்கும்போது, தொழில் குடும்பத்துடையது என்ற உண்மை அதில் நுழைய இடமில்லாமல் போகிறது.

இதற்கெல்லாம் வீட்டுக்காரர்கள் கண்ட பொதுவான மாற்று வாட்ஸாப். ஒருமுறை தளம் வழியே வந்தவருக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை நேரே வரச் சொல்வது, ஜிபேயில் அட்வான்ஸ். தளங்கள் முன்பதிவு உறுதியாகும்வரை செய்திகளில் எண்களை மறைப்பதும், வெளியே பணம் வாங்கினால் பக்கத்தை முடக்குவோம் என்று எச்சரிப்பதும் இதனால்தான். எல்லா இடத்திலும் ஒரே விலை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளங்கள் விதிப்பது எவ்வளவு தூரம் சரி என்ற கேள்வி இந்தியப் போட்டி ஆணையம் வரை போயிருக்கிறது. 2022 அக்டோபரில் ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடியும் ஓயோவுக்கு 168.88 கோடியும் அபராதம் விதித்தது. விலைச் சமநிலை நிபந்தனைகளை மாற்றவும் உத்தரவிட்டது. வழக்கைக் கொண்டுபோனதில் முன்னின்றது ஓட்டல் உரிமையாளர் சங்கங்களின் கூட்டமைப்பு. வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கென்று அவ்வளவு வலுவான அமைப்பு தமிழகத்தில் உருவாகவில்லை. அவர்களின் எதிர்ப்பு தனித்தனியே, அமைதியாக, கைப்பேசிக்குள் நடக்கிறது.

விலையைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியை ஏர்பிஎன்பி 2015-இல் ‘ஸ்மார்ட் பிரைசிங்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. தேடுவோர் எண்ணிக்கை, பருவம், அக்கம்பக்கத்து விலைகள் ஆகியவற்றைப் பார்த்து அது இரவு விலையை மாற்றும். பெருநகரங்களில் இது ஓரளவு ஓடுகிறது. இம்மாவட்டத்தில் தடுமாறுகிறது. காரணம், இங்கு தேவை ஏறி இறங்குவது வேறு நாட்காட்டிகளின்படி. கார்த்திகை முதல் தை வரை ஐயப்பப் பக்தர்கள் சபரிமலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் முனைக்கு வருகிறார்கள். அந்தக் காலத்தில் செவ்வாய்க்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் வேறுபாடு இல்லை. சித்ரா பௌர்ணமி மாலையில் ஒருபுறம் சூரியன் மறைய மறுபுறம் நிலவு எழுவதைப் பார்க்கக் கூட்டம் வரும், ஆடி அமாவாசைக்கு நீராட வருவார்கள். இரண்டும் ஆங்கிலத் தேதியில் ஆண்டுதோறும் நகர்பவை. ஓணம் விடுமுறைக்கு எல்லை தாண்டி மலையாளிகள் வருவார்கள். ஆனால் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காட்டுக் கொடைக்கும் தேவை வேறு விதமாகத் திரும்பும்: வெளியூரிலிருக்கும் உறவினர் எல்லாம் வந்துவிடுவதால் வீட்டுக்காரருக்கே வீடு வேண்டியிருக்கும். எவ்வளவு விலை வந்தாலும் அந்த நாட்களைக் காலண்டரில் அடைத்துவிடுவார்.

கல்யாணக் கணக்கு இதைவிடச் சுவையானது. மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதி. 2011-இல் முன்னவர் 48.65 சதவீதம், பின்னவர் 46.85 சதவீதம். மாப்பிள்ளை வீட்டார் தங்க ஒரு முழு வீடு எடுப்பது இங்கு வழக்கம். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் நடப்பது அரிது. கத்தோலிக்கர் தவக்காலத்தில் திருமணம் தவிர்ப்பார்கள். ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றது நடக்கும், இரண்டும் சேர்ந்த மாதங்களில் வீடு கிடைக்காது. பஞ்சாங்கத்தையும் பங்கின் திருவழிபாட்டுக் காலண்டரையும் சுவரில் மாட்டியிருக்கும் வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் முன்பே தெரியும் விஷயம், அருகே ஒப்பிடப் போதிய வீடுகளே இல்லாத கணினிக்குத் தேடல்கள் குவிந்தபிறகுதான் தெரியவரும். ஆகவே பலர் செய்வது இதுதான்: கருவியின் கீழ்வரம்பைத் தங்கள் வழக்கமான விலையிலேயே வைத்துவிடுவது. ஏற்றுவதை அது ஏற்றட்டும், இறக்க மட்டும் விடமாட்டோம் என்பதே இதன் பொருள். வார, மாதத் தள்ளுபடிக் கருவிகளுக்கும் முனையில் வேலை குறைவு. அஞ்சுகிராமம் பக்கம் கூடங்குளம் அணுமின் நிலைய ஒப்பந்த வேலைக்கு வருபவர்களுக்கு விடும் வீடுகளுக்கு மட்டும் அவை பயன்படுகின்றன.

யாரை உள்ளே விடுவது என்பதில்தான் உரசல் அதிகம். உடனடி முன்பதிவு என்ற வசதியில் வீட்டுக்காரர் ஒப்புதல் கேட்கப்படுவதில்லை. தேதி காலியாக இருந்தால் புக்கிங் உறுதி. தேடலில் மேலே வர இது உதவும் என்பதால் வைத்திருப்பவர்கள் உண்டு. அணைத்து வைத்திருப்பவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று ஆள் எண்ணிக்கை. ஆறு பேருக்குப் பதிவு செய்துவிட்டு டெம்போ டிராவலரில் பதினான்கு பேர் இறங்குவது இங்கு அன்றாடம். வடக்கிலிருந்து குழுவாக வருபவர்கள் சமையல்காரரையும் அடுப்பையும் கூடவே கொண்டுவந்து முற்றத்தில் சமைக்கத் தொடங்குவார்கள். யாத்திரையில் அது அவர்களின் பழக்கம், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் கூடுதல் ஆளுக்கான கட்டணத்தைச் செயலியில் கோருவதும், வாசலில் நிற்கும் பெரியவர்களிடம் கேட்பதும் வேறு வேறு வேலைகள். 2021 நவம்பரில் ஏர்பிஎன்பி அறிவித்த ‘ஏர்கவர்’ சேதப் பாதுகாப்பு பின்பு 30 லட்சம் டாலர் வரை உயர்ந்தது. தங்கியவர் போன 14 நாட்களுக்குள் படமும் ரசீதும் வைத்துக் கேட்க வேண்டும். கரி பிடித்த தரைக்கும் உடைந்த பக்கெட்டுக்கும் யாரும் ரசீது வைத்திருப்பதில்லை. தொகை பெரிதாக இருந்தும் அது பேச்சில் அடிபடாததற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்ற ஊர் வழக்கம். திருமணமாகாத இணைக்கு அறை கொடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் 2019 ஜூனில் சர்வீஸ் அபார்ட்மெண்ட் ஒன்றை அதிகாரிகள் மூடி முத்திரை வைத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் இதைத் தெளிவாகவே சொன்னது. தளங்களின் பாகுபாட்டு எதிர்ப்பு விதிகளும் அப்படியே. ஆனால் 2025 ஜனவரியில் ஓயோ, மீரட்டிலிருந்து தொடங்கி, இத்தகைய பதிவுகளை மறுக்கும் உரிமையைத் தன் கூட்டாளி விடுதிகளுக்குக் கொடுத்தது. சட்டம் ஒருபுறமும் அக்கம்பக்கத்தார் பேச்சு மறுபுறமும் இருக்க, மாடி அறை விடும் குடும்பங்கள் உடனடிப் பதிவை அணைத்துவிட்டு, ‘யார் யார் வருகிறீர்கள்’ என்று கேட்டுப் பதில் வந்தபின் ஒப்புக்கொள்ளும் பழைய முறையிலேயே நிற்கின்றன. இதில் வீட்டுக்காரர் பக்கம் முழு நியாயம் இருப்பதாகச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியில் சில நேரம் சாதி, மதம் பற்றிய துருவலும் ஒளிந்திருக்கும். தேடலில் கீழே போவது அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை.

ஒரே வீட்டை மூன்று தளங்களில் வைப்பவருக்கு இன்னொரு தொல்லை, ஒரே இரவு இருவருக்குப் பதிவாவது. காலண்டர்களை இணைக்கும் ‘ஐகேல்’ முறை சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். முன்பதிவுகள் ஒரு மாதம் முன்பே வரும் ஊரில் அது போதும். மாலை நான்கு மணிக்கு அன்றிரவுக்கே பதிவு செய்யும் ஊரில் அந்த இடைவெளிக்குள் இரண்டு குடும்பங்கள் வந்துவிடும். உடனுக்குடன் இணைக்கும் ‘சேனல் மேனேஜர்’ மென்பொருளுக்கு மாதக் கட்டணம் உண்டு. அதை வாங்குபவரே மேலே சொன்ன 15.5 சதவீத வரம்புக்குள் போய்விழுவதால், இரண்டு அறை வைத்திருப்பவர் நாட்டு வழியையே பிடிக்கிறார்: பதிவு வந்ததும் மற்றச் செயலிகளைத் திறந்து கையால் அடைப்பது.

மதிப்பீட்டு முறையில் நடந்த மாற்றங்கள் வீட்டுக்காரர்களின் மனநிலையை ஆழமாகப் பாதித்தவை. 2014 முதல் ஏர்பிஎன்பியில் இரு தரப்பும் எழுதும்வரை அல்லது 14 நாள் முடியும்வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பழிக்குப் பழி எழுதுவது இதனால் குறைந்தது. ‘சூப்பர்ஹோஸ்ட்’ தகுதிக்கு 4.8 சராசரி, 90 சதவீதப் பதில் விகிதம், 1 சதவீதத்துக்கும் குறைந்த ரத்து, ஓராண்டில் பத்துத் தங்கல்கள் அல்லது மூன்று தங்கல்களில் நூறு இரவுகள் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது கணக்கிடப்படும். 2023 நவம்பரில் ‘கெஸ்ட் ஃபேவரிட்’ என்ற இன்னொரு முத்திரை வந்தது. முதலாவது ஆளைப் பற்றியது, இது வீட்டைப் பற்றியது.

நான்கு நட்சத்திரம் என்றால் இந்தியப் பயணிக்கு ‘நன்றாக இருந்தது’ என்று பொருள். ஐந்து என்பது தாஜ் ஓட்டலுக்கு. ஆனால் 4.8 என்ற வரம்பின்முன் நான்கு என்பது தண்டனை. பாராட்டிவிட்டு, தோசையும் சாப்பிட்டுவிட்டு, நான்கு போட்டுப் போகிறவரால் முத்திரை பறிபோன வீட்டுக்காரர்களின் கசப்பு நியாயமானது. ஒரு தேசத்தின் மதிப்பெண் பழக்கத்தை வரம்பு கணக்கில் எடுக்கவில்லை. இதனால் சாவி வாங்கும்போதே ‘ஐந்து போடுங்க’ என்று நேரடியாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பதில் விகிதமும் அப்படித்தான். சாவி வைத்திருக்கும் அக்கா வாசலில் வரவேற்றுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார். செயலி இருக்கும் கைப்பேசி ஷார்ஜாவில் பணிநேரத்தில் அணைந்திருக்கும். கணக்கில் ஏறுவது பின்னது மட்டுமே. 2024-இல் ஏர்பிஎன்பி தொடங்கிய கோ-ஹோஸ்ட் வலையமைப்பு, தூரத்து உரிமையாளரையும் அருகில் இருந்து நடத்துபவரையும் இணைக்கும் முயற்சி. தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியா இல்லை. கணக்கில் இன்னொருவரைச் சேர்த்துப் பங்கு பிரித்துத் தரும் பழைய வசதி இருந்தும், மைத்துனருக்குச் சதவீதம் போட்டுத் தருவதைவிட ஊருக்கு வரும்போது கையில் கொடுப்பதே உறவுக்கு அழகு என்று கருதும் குடும்பங்களே அதிகம்.

ரத்து விதிகளைப் பொறுத்தவரை இந்த மாவட்டத்துக்குச் சொல்ல நிறைய உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் தாக்கியபோது ஐயப்ப சீசன் தொடங்கியிருந்தது. மரங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலில் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்த மாவட்டத்தில் அறை ரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 2020 மார்ச்சில் நிலைமை வேறு. கொரோனாவை ஒட்டி ஏர்பிஎன்பி, மார்ச் 14 வரை செய்த பதிவுகளுக்கு வீட்டுக்காரரின் சொந்த ரத்து விதி எதுவாயினும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. உலகெங்கும் எழுந்த கோபத்துக்குப்பின் நிறுவனத் தலைவர் பிரையன் செஸ்கி மன்னிப்புக் கேட்டு, 25 கோடி டாலர் ஒதுக்கி, ரத்து விதிப்படி வந்திருக்க வேண்டியதில் கால் பங்கை வீட்டுக்காரர்களுக்கு அளித்தார். வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த விதியைத் தளம் ஒரே நாளில் ஒதுக்கிவைக்க முடியும் என்று எல்லோருக்கும் புரிந்தது அப்போதுதான்.

வீட்டுக்காரரின் ரத்து விதியை மீறி ஏர்பிஎன்பி பணம் திருப்ப இடம் கொடுத்த விதி, 2024 ஜூன் 6 முதல் ‘பெரும் இடையூறு நிகழ்வுகள்’ என்ற புது விதியாயிற்று. அரசு அறிவித்த அவசரநிலை, பயணத் தடை, இயற்கைப் பேரிடர், அத்தியாவசியச் சேவைகள் பெருமளவில் துண்டிக்கப்படுவது ஆகியவை இதில் அடங்கும். வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய வானிலை தனியாக அடங்காது. குமரிக் கடற்கரையில் இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே வாதம். கடல் கொந்தளித்தால் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் நிற்கும், மழை வலுத்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வரும். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வந்தவர் வந்த காரணம் போய்விட்டது. ‘கள்ளக்கடல்’ என்று இங்குள்ள மீனவர் சொல்லும் திடீர் அலையெழுச்சிக்கு இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் எச்சரிக்கை விடுகிறது. 2024 மே 6-இல் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தது அப்படியொரு எச்சரிக்கை நாட்களில்தான். கரையோர வீட்டில் தங்குபவர் எச்சரிக்கையைக் காட்டிப் பணம் திரும்பக் கேட்டால் புது விதிப்படி அது இடையூறா, வானிலையா என்பதில் தெளிவில்லை. பெரும்பாலானவர்கள் வேறு தேதி கொடுத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். தளத்தில் இல்லாத, ஆனால் லாட்ஜ் காலத்திலிருந்தே இருந்த வழி அது. 2025 அக்டோபர் முதல் ஏர்பிஎன்பியில், ஏழு நாளாவது முன்னதாகச் செய்த பதிவை 24 மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்து செய்யலாம் என்ற சலுகை வந்தது. ஒன்றிரண்டு நாள் முன்பு மட்டுமே பதிவாகும் முனையில் அதற்கு வேலையே இல்லை. முன்கூட்டியே பதிவாகும் டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் சிலர் முணுமுணுத்தார்கள்.

வீட்டுக்குள் கேமரா வைப்பதை ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உலகெங்கும் தடைசெய்தது. வெளியே வைக்கலாம், முன்பே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்தபடி கூடத்துக் கேமராவில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது இடி. தங்க வரும் குடும்பங்களின் பார்வையில் வெகு தாமதமாக வந்த விதி. இதில் வீட்டுக்காரர் தரப்பு வாதம் வலுவற்றது. வாசலில் ஒரு கேமரா போதும் என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டதும் அதனால்தான்.

தளங்களைத் தவிர அரசும் விதிகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டுக்கு ஒன்று முதல் ஆறு அறைகள் வரை இருக்கலாம். உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும். தங்கம், வெள்ளி என இரு தரங்கள். பூட்டிக் கிடக்கும் வளைகுடா வீடு இந்த வரையறைக்குள் வராது. தமிழ்நாடு 2023 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி அளித்தது. ஹோம்ஸ்டேக்களைச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யவும் அரசு கேட்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவமைப்பையும் முகப்பையும் மாற்றாமல் உள்ளூர்ச் சமூகத்தார், மீனவர் உட்பட, ஹோம்ஸ்டே நடத்தலாம் என்கின்றன. கடற்கரை ஊர்களுக்கு இது நல்ல வாசல். ஆனால் ‘கடல் பார்த்த பால்கனி’ என்று தளத்தில் போடுவதற்காகவே புதிதாகப் பால்கனி எடுத்தால் அந்த வாசல் மூடிவிடும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நெடுங்காலம் ‘சி படிவம்’ என்று பெயர்பெற்றிருந்த இக்கடமை, 2025 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் தொடர்கிறது. இதைத் தளம் செய்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள் உண்டு, தளம் செய்வதில்லை.

மாநிலத்தில் கெடுபிடி அதிகமானது குமரியில் அல்ல, நீலகிரியில். 2021 ஜனவரியில் மசினகுடியில் தங்கும் விடுதியொன்றின் அருகே வந்த யானை மேல் எரியும் பொருளை வீசியதில் அது இறந்தபின், அனுமதியில்லாத விடுதிகள் மீது நடவடிக்கை வந்தது. கோவாவில் சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டம் 1982 முதலே உண்டு. நியூயார்க் 2023 செப்டம்பரில் பதிவில்லாத வீடுகளைத் தளங்களிலிருந்தே நீக்க வைத்தது. பார்சிலோனா 2028-க்குள் சுற்றுலா வாடகை உரிமங்களையே ஒழிக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அந்த ஊர்களில் சண்டை, குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பதால். குமரி மாவட்டத்தில் பூட்டிய வீடுகளே அதிகம் என்பதால் அந்தக் குரல் இங்கு இன்னும் எழவில்லை. எழும்பும் குரல் லாட்ஜுக்காரர்களுடையது: உரிமம், தீயணைப்புச் சான்று, வணிக மின்கட்டணம் எல்லாம் எங்களுக்கு மட்டும்தானா என்பது.

தளங்கள் கடைசியாகக் கொண்டுவந்திருப்பவை செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்: வீட்டு விவரத்தைத் தானே எழுதுவது, விருந்தினர் கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே எடுத்துத் தருவது, படங்களை அறைவாரியாக அடுக்குவது. மொழிபெயர்ப்புக் கருவியை ஏர்பிஎன்பி 2021 இறுதியில் அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் தந்தது. வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வருவோரை வரவேற்கும் ஊரில், வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பில்லாமல் ஏற்றுக்கொண்ட கருவி இதுவே. அது யாருடைய முடிவையும் கைமாற்றவில்லை, எந்த நஷ்டத்தையும் யார் தலையிலும் கட்டவில்லை. தானாகப் பதில் எழுதும் கருவியை மட்டும் எச்சரிக்கையாகத் தொடுகிறார்கள். ‘மாடியிலிருந்து சூரிய உதயம் தெரியுமா’ என்ற கேள்விதான் இங்கு அதிகம் வருவது. சூரியன் தை மாதத்தில் எழும் இடத்தில் ஆடியில் எழுவதில்லை, நடுவில் தென்னை நிற்கும். கருவி ‘தெரியும்’ என்று எழுதினால், மறுநாள் காலை அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சாவி வைத்திருக்கும் அக்கா.